கொறடாவும் மஞ்சள் சட்டையும்: நம் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

சட்டமன்றத்தில் 234 பேர், மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். தமிழ்நாட்டின் பெயரில் அவைகளில் உட்காரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கட்சி வாரியாகப் பிரித்து அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் கட்சிக்கு ஒரு பதில்தான் வரும். என் குறையே அதுதான்.

பேச்சைக் கிரிக்கெட்டில் தொடங்குகிறேன். முதலில் தொடங்கியது நான் இல்லை, உங்களில் ஒருவர். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விளையாட்டுத் துறை பற்றிப் பேச்சு வந்தபோது, தருமபுரி பாமக உறுப்பினர் எஸ்.பி. வெங்கடேஸ்வரன் எழுந்து, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடை செய்ய வேண்டும் என்றார். தமிழ்நாட்டு அணி என்று காட்டிக்கொண்டு சம்பாதிக்கிறார்கள், அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் இல்லையே என்பது அவருடைய வாதம். செய்தியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டில் வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தால், கேள்வியில் ஒன்றும் தப்பில்லை என்று பட்டது. ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு நிற்பவனிடம், உனக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்பது நியாயம்தானே.

ஆனால் அந்தக் கேள்வி பாதி வழியில் நின்றுவிட்டது. உங்கள் பெயருக்கு முன்னாலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. தருமபுரி உறுப்பினர், ஓசூர் உறுப்பினர், ஆண்டிபட்டி உறுப்பினர் என்றுதான் சபாநாயகர் அழைக்கிறார். மசோதா வந்து "ஆம் என்போர்" என்று அவர் கேட்கும்போது நீங்கள் எழுப்பும் அந்தக் குரலில் எங்கள் ஊர் எவ்வளவு இருக்கிறது?

சரி, கிரிக்கெட்டையே முடித்துவிட்டு வருகிறேன். அந்த மே மாதம் அகமதாபாத்தில் சென்னைக்கும் குஜராத் டைட்டன்சுக்கும் நடந்த ஐபிஎல் இறுதிப் போட்டி உங்களுக்கும் நினைவிருக்கும். 28-ஆம் தேதி நடக்க வேண்டியது, மழையால் மறுநாளுக்குப் போனது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்பட ஏழெட்டுப் பேர். குஜராத் முதலில் ஆடியது. சாய் சுதர்சன் என்கிற சென்னைப் பையன் வெளுத்து வாங்கினான். 47 பந்தில் 96. எங்கள் கூடத்தில் ஒரு சங்கடம். அவன் அடிக்கிற ஒவ்வொரு சிக்சருக்கும் கை தட்டத் தோன்றுகிறது. தட்டினால் நம் அணிக்குத் துரோகம். பக்கத்து வீட்டுப் பையன் கேட்டேவிட்டான்: "அங்கிள், இவன் நம்ம ஊர்தானே? இவன் அவுட் ஆகணுமா, ஆகக் கூடாதா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் பதிரனாவின் பந்தில் எல்பிடபிள்யூ ஆனான். இலங்கைக்காரரான பதிரனா சென்னைக்கு ஆடியதே ஒரு விசித்திரம்தான். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 2013-இல், இலங்கை வீரர்கள் யாரும் சென்னையில் ஆடக் கூடாது என்று இதே மாநிலம் சொல்லியிருந்தது.

மறுபடி மழை. சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா போட்ட ஐந்தாவது பந்தை நேராகத் தூக்கி சிக்சர் அடித்த ஜடேஜா, ஆறாவதைக் காலுக்குப் பின்னால் தட்டி பவுண்டரிக்கு விட்டார். அவருடைய ஊர் ஜாம்நகர். குஜராத் மண்ணில், குஜராத் என்று பெயர் வைத்த அணிக்கு எதிராக, ஒரு குஜராத்திக்காரர் சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அன்றைய சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட ஆடவில்லை. குஜராத்தின் பட்டியலிலோ சுதர்சன், விஜய் சங்கர், சாய் கிஷோர் என்று மூன்று பேர். ஆனாலும் விடிய விடிய இங்கே வெடி வெடித்தது. ஜாம்நகரில் யாரும் அவரைத் துரோகி என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அதில் கட்சியும் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது பாஜகவின் மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை, கோப்பையை வென்று கொடுத்தவர் ஒரு பாஜக தொண்டர் என்றார். ஜடேஜாவின் மனைவி ரிவாபா 2022 டிசம்பரில் ஜாம்நகர் வடக்குத் தொகுதியில் பாஜக சார்பில் ஜெயித்தவர். ஆனால் அதே தேர்தலில் ஜடேஜாவின் சகோதரி காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு கொடி. குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் மாறிப் பேசிக்கொள்ளும் உரிமை நம் ஊர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட இப்போது ஓரளவு வந்துவிட்டது. கட்சிக்குள்தான் இன்னும் வரவில்லை.

கிரிக்கெட்டில் ஊர்ப் பாசம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. 2008-இல் ஐபிஎல்லின் முதல் ஏலம் நடந்தபோது மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட் என்று ஊர்ப்பிள்ளைகளை ஏலத்துக்கு விடாமல் அந்தந்த ஊருக்கே கொடுத்தார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. கையில் பணம் மிச்சம் இருந்தது. 15 லட்சம் டாலர் கொடுத்து ராஞ்சிக்காரர் ஒருவரை வாங்கினோம். இதே ஊரில் பிறந்து வளர்ந்த விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக், டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத், கொல்கத்தா என்று ஊர் ஊராகச் சுற்றினார். மஞ்சள் சட்டையை ஐபிஎல்லில் ஒரு நாளும் போடாமலே ஓய்வு பெற்றார். அஸ்வின் இங்கே தொடங்கி, புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று போய், 2025-க்கு 9.75 கோடி ரூபாயில் திரும்பி வந்தார். மாம்பலத்துப் பிள்ளை மாம்பலத்துக்குத் திரும்பி வர ஏலச் சுத்தியல் மூன்று முறை தட்டப்பட வேண்டியிருந்தது!

ஏன் ஏற்றுக்கொண்டோம்? கண்டி பக்கத்தில் பிறந்தவரை முதலமைச்சராக்கிய ஊர் இது. ராஞ்சிக்காரரைத் "தல" என்று கூப்பிடுவதில் நமக்கு என்ன தயக்கம். எங்கே பிறந்தாய் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இந்தச் சட்டையைப் போட்டிருக்கும் வரை எங்களுக்காக ஆடுகிறாயா என்பதைத்தான் பார்க்கிறோம். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டு அணி புனேவுக்குப் போனது. ரசிகர்களுக்குத் தனி ரயில் விட்டார்கள். தண்ணீர் கேட்பதும் ஊருக்காகத்தான், விசில் அடிப்பதும் ஊருக்காகத்தான் என்று அந்த வாரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும். என் தம்பி காலையில் காவிரி ஆர்ப்பாட்டத்துக்குப் போனான். மறுநாள் அந்த ரயிலில் ஏறிவிட்டான். அவனிடம் இன்றுவரை நான் விளக்கம் கேட்கவில்லை.

ஆக, வெளியூர் வீரர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. வெளியூர் வேட்பாளர்கள் மேலும் இல்லை. மன்மோகன் சிங் பல ஆண்டுகள் அசாமின் பெயரில் மாநிலங்களவையில் உட்கார்ந்திருந்தார். மாநிலங்களவைக்குப் போகிறவர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியையே 2003-இல் எடுத்துவிட்டார்கள். போகட்டும். யாருக்காக ஆடுகிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். குஜராத்தில் பிறந்தவர் குஜராத்துக்கு எதிராகச் சென்னைக்காக மட்டையைச் சுழற்றலாம். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர், தன் கட்சி கொண்டுவரும் ஒரு மசோதாவுக்கு எதிராக எங்கள் தொகுதிக்காக ஒரே ஒரு முறை கை தூக்க முடியுமா?

முடியாது என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பகுதியை நேரடியாகப் பாதிக்கும் ஒரு மசோதா பற்றிப் பேசக் குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் எங்கள் உறுப்பினரைப் பார்க்கப் போனோம். கட்சியும் வேண்டாம், பெயரும் வேண்டாம், நல்ல மனிதர். மோர் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன காகிதத்தை இரண்டு முறை படித்தார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். ஆனா மேல முடிவு பண்ணிட்டாங்க. நான் கை தூக்கலைன்னா நாளைக்கு நானே இங்க இருக்க மாட்டேன்" என்றார். வெளியே வரும்போது எங்கள் செயலாளர், "இவரு வீட்டு மோர் நல்லா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அன்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன். அவர் பயந்தது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைக்கு. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அது. 1967-இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்ற சொலவடையே அவரால் வந்தது. அந்த நோய்க்கு மருந்து என்று 1985-இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் 52-ஆவது திருத்தமாக இதைக் கொண்டுவந்தார்கள். அதுவரை நம் அரசியலமைப்பில் அரசியல் கட்சி என்ற பேச்சே கிடையாது. நீங்கள் எடுக்கும் உறுதிமொழியில் இன்றைக்கும் கட்சியின் பெயர் இல்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இந்த மருந்தில் இரண்டு குப்பியைக் கலந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஒன்று, கட்சியை விட்டு வேறு கட்சிக்குப் போவது. அதைத் தடுத்தது சரி. என் அப்பா கடைசிவரை வேட்பாளரின் பெயரைப் படித்தது இல்லை. சின்னத்தைப் பார்த்துத்தான் குத்தினார். அந்த ஓட்டை வாங்கிக்கொண்டு எதிர்க் கடையில் போய் உட்காருவது திருட்டு. போக வேண்டும் என்றால் பதவியைத் துறந்துவிட்டு, மறுபடி மக்களிடம் வந்து கேட்டுவிட்டுப் போகலாம். ராஜாஜி 1942-இல் காங்கிரசோடு முரண்பட்டபோது கட்சியை மட்டும் விடவில்லை, சட்டசபை இடத்தையும் சேர்த்தே விட்டார்.

இன்னொன்று, கட்சியிலேயே இருந்துகொண்டு ஒரு மசோதாவில் மட்டும் மாறுபடுவது. இதில் திருட்டு என்ன இருக்கிறது? ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும் பதவி போகும், வாக்களிக்காமல் சும்மா இருந்தாலும் போகும். தலைமை 15 நாளுக்குள் மனமிரங்கி மன்னித்தால்தான் பிழைக்கலாம். அந்த உத்தரவைக் கொண்டுவருகிறவருக்கு நம் தமிழில் கொறடா என்று பெயர். கொறடா என்றால் சவுக்கு. பெயர் வைத்தவர் எந்த ஒளிவுமறைவும் வைக்கவில்லை.

ஐபிஎல்லிலும் தாவல் தடை உண்டு, மறக்கவில்லை. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே வேறு அணியோடு பேரம் பேசினார் என்று இதே ஜடேஜாவை 2010-இல் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார வைத்தார்கள். அது தாவலுக்கான தண்டனை. கேப்டன் சொன்ன இடத்தில் பந்து போடவில்லை என்பதற்காக ஒருவனை மைதானத்தை விட்டே துரத்துவது இல்லை. பிறகு 2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தானுக்குத் திரும்பினார், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அந்த மாற்றத்துக்கும் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கியவனிடம்கூடச் சம்மதம் கேட்கிறார்கள்.

இப்போது 2023 ஏப்ரலுக்கே திரும்புகிறேன். சென்னை அணியைத் தடை செய்யச் சொன்ன அதே மாதம் 21-ஆம் தேதி, அதே அவையில், தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிவிட்ட மசோதா. ஆளும் திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. திமுகவின் தொழிற்சங்கமான தொமுசவும் எதிர்த்தது. மூன்றே நாளில், 24-ஆம் தேதி, அரசு அதை நிறுத்தி வைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த மூன்று நாள் எனக்கு உறுத்துகிறது.

என் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அவர் காலை நானும் தம்பியும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துவிடுவோம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை? ஆலைகள் நிறைந்த தொகுதிகளில் ஜெயித்த ஆளும் கட்சி உறுப்பினர்களில் ஒருவருக்குக்கூட 21-ஆம் தேதி மனதில் ஒரு நெருடலும் வந்திருக்காது என்று நான் நம்பத் தயாராக இல்லை. நெருடல் வந்திருக்கும். வாய் திறந்திருக்க முடியாது. மூன்று நாள் கழித்து அரசே ஒத்துக்கொண்ட ஒன்றை, மூன்று நாள் முன்பே அவைக்குள் ஆளும் கட்சியிலேயே ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால், அரசுக்குத்தான் அந்தத் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம் என்றால், பார்க்கவும் முடியாது. குரல் வாக்கெடுப்பு. "ஆம்" என்றவர்களின் பெயர் எங்கும் பதிவாகாது. எனக்கு அது இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. அகமதாபாத் ஆட்டத்தின் 15-ஆவது ஓவரின் ஐந்தாவது பந்து எந்தப் பக்கம் போனது என்று நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். எந்த வீரர் எத்தனை பந்தை வீணடித்தார், எத்தனை கேட்சை விட்டார் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. என் அப்பாவைப் போன்றவர்கள் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்த நாளில் என் உறுப்பினர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு ஸ்கோர்கார்டு கிடையாது.

ஒரு கட்சியைக் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். அடுத்த கட்சிக்கு வருகிறேன். 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தது. அதற்கு முன் உறுப்பினர்கள் கூவத்தூரில் கடற்கரை விடுதியில் இருந்தார்கள். ஐபிஎல் அணிகளையும் ஓட்டலில்தான் தங்கவைக்கிறார்கள்; ஆனால் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரும் ஆளுங்கட்சியான அதிமுகவிலேயே ஓ. பன்னீர்செல்வம் அணிக்காரர்கள். அவர்கள் பதவி போகவில்லை. ஆகஸ்டில் இரண்டு அணிகளும் சேர்ந்து, ஓ. பன்னீர்செல்வம் துணை முதல்வரும் ஆனார். மறுநாளே வேறு உறுப்பினர்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைச் செப்டம்பர் 18-ஆம் தேதி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அவையிலேயே எதிர்த்துக் கை தூக்கியவர்கள் உறுப்பினர்கள். கடிதம் கொடுத்தவர்கள் முன்னாள் உறுப்பினர்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

சட்டப்படி யார் சரி என்று வாதாட நான் வரவில்லை. இடைத்தேர்தல் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் நடந்தது. 20 மாதம் 18 தொகுதிகளுக்கு உறுப்பினரே இல்லை. அந்தத் தொகுதி மக்கள் எந்தக் கொறடாவின் உத்தரவை மீறினார்கள்?

தாவலையாவது இந்தச் சட்டம் ஒழித்ததா? சில்லறையாகத் தாவினால் தப்பு, மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து மொத்தமாகப் போனால் இணைப்பு. 2019-இல் கர்நாடகத்தில் பதவி விலகல் கடிதம் கொடுத்தவர்கள் உட்பட 17 பேர் தகுதி நீக்கம் ஆனார்கள். அவர்களில் பலர் அதே டிசம்பர் இடைத்தேர்தலில் புதுச் சின்னத்தில் நின்று திரும்பி வந்தார்கள். போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். கட்சியிலேயே இருந்து நாலு வார்த்தை மாற்றிச் சொல்ல நினைத்த நல்லவர்கள்தான் அடங்கிப்போனார்கள்.

கட்டுப்பாடு இல்லாமல் கட்சி நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். நடத்திப் பார்த்தவர் நம் ஊரில்தான் இருந்தார். 1959-இல் 80 வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, அதன் 21 கொள்கைகளில் ஒன்றாக இதையும் எழுதிவைத்தார்கள்: கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்குள் வராத எல்லா விஷயங்களிலும் உறுப்பினர்கள் தங்கள் விருப்பப்படி நடந்துகொள்ளலாம். அந்தக் கட்சியின் பொருளாதாரத்தை நான் ஏற்கவில்லை. ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் நிறைந்த கூடாரம் என்று என் அப்பா திட்டுவார். ஆனால் இந்த ஒரு விதிக்காக அந்தக் கிழவரை மெச்ச வேண்டும். கட்சி உடனே சிதறிவிடவும் இல்லை. 1962-இல் மக்களவையில் 18 இடம், 1967-இல் 44 இடம். அதே 1967-இல் திமுக கூட்டணியில் நின்று சென்னை சட்டமன்றத்தில் 20 இடம். பிறகு தேய்ந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு.

பிரிட்டனையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் பிரெக்சிட் வாக்கெடுப்பில் கட்சியை எதிர்த்த 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களைப் போரிஸ் ஜான்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். சர்ச்சிலின் பேரனும் அதில் ஒருவர். நீக்கினார், அவ்வளவுதான். தொகுதி கொடுத்த இடம் அவர்களிடமே இருந்தது, அடுத்த தேர்தல் வரை. கட்சி தன் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது கட்சியின் சொத்து. ஊர் கொடுத்த இருக்கையை எப்படி வாங்கும்?

நம் நாட்டிலும் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே, தகுதி நீக்கத்தைத் தானாகக் கட்சியை விடுவதற்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் சட்டம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றமே, ஆட்சி நிலைப்பதையும் கட்சியின் ஆதாரக் கொள்கையையும் தொட்ட வாக்கெடுப்புகளோடு கட்சி உத்தரவை நிறுத்திக்கொள்வது நல்லது என்ற கருத்தில் எழுதியது. காங்கிரசின் மணீஷ் திவாரி 2010-இல் இதற்கென்றே தனிநபர் மசோதா கொண்டுவந்தார், பிறகும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பத்தாவது அட்டவணையைத் திருத்துங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். அது எப்போது நடக்குமோ. சட்டத்தைத் தொடாமலே நாளைக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லா மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்சி உத்தரவு போட்டால்தான் மீறல். போடாவிட்டால் மீறலும் இல்லை, தகுதி நீக்கமும் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்றைக்கும் கொறடா உத்தரவு கிடையாது. வானம் இடிந்து விழவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் இரண்டுக்கும் சவுக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சி கவிழ்வதை நானும் கேட்கவில்லை. வேலை நேரம், நிலம், நீர்நிலை, பள்ளி மாதிரியான மசோதாக்களில் "எங்கள் உறுப்பினர்கள் தொகுதியைக் கேட்டு வாக்களிக்கலாம்" என்று ஒரே ஒரு கட்சி, ஒரே ஒரு கூட்டத்தொடருக்கு அறிவித்துப் பாருங்களேன். எந்தக் கட்சி முதலில் செய்கிறதோ அதற்கு எங்கள் வீட்டில் நாலு ஓட்டு இருக்கிறது. தம்பி வீட்டையும் சேர்த்தால் ஆறு.

கூடவே, ஒவ்வொரு மசோதாவிலும் யார் யார் ஆம், யார் யார் இல்லை என்று பெயர் வாரியாகப் பதிவு செய்யுங்கள். பட்டனை அழுத்தினால் பலகையில் தெரிகிற கருவி வைப்பது பெரிய காரியம் இல்லை. இது இருந்தால்தான் முதலாவதற்கு அர்த்தம். சுதந்திரம் கொடுத்துவிட்டுக் கணக்கு வைக்காவிட்டால், பணப் பெட்டிக்காரன் உள்ளே வந்துவிடுவான் என்ற பயம் எனக்கும் உண்டு. குரல் வாக்கெடுப்பின் சத்தத்தில் ஒளிந்துகொள்வது மாதிரி, பெயர்ப் பட்டியலில் ஒளிந்துகொள்ள முடியாது. ஏன் இப்படி வாக்களித்தாய் என்று தெருவில் நாங்கள் நிறுத்திக் கேட்போம். ஜடேஜாவையே கேட்டிருக்கிறோம், அவர் சென்னைக்கு ஆடிய காலத்தில், சரியாக ஆடாத நாட்களில் சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியும்.

தருமபுரி உறுப்பினர் அன்று எழுப்பிய கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். தடை வேண்டாம். ஐபிஎல்லின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்து வீரர்கள் சிலரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது இல்லாவிட்டாலும் சுதர்சன் எந்தச் சட்டையில் 96 அடித்தாலும் அடுத்த முறை கை தட்டுவது என்று எங்கள் கூடத்தில் முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் தீர்ப்பு அது.

இந்த மடலுக்கு உங்களில் யாராவது பதில் எழுதினால் சந்தோஷப்படுவேன். ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை, திட்டியும் எழுதலாம். தலைமையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத முடியும் என்று இருப்பவர்கள் மட்டும் சிரமப்பட வேண்டாம். அந்தப் பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவருடைய தொகுதியில் வசிக்கும் வாக்காளன்